சீரக சம்பா ஏன் குழைகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்யாணமாகிக் காட்பாடிக்கு வந்த பிறகுதான் கரண்டி பிடிக்கிறேன். சாம்பார், ரசம், கூட்டு எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ஆம்பூர் பிரியாணிதான் வர மாட்டேன் என்கிறது. முதல் தடவை குக்கரில் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்தேன், பொங்கலாகிவிட்டது. அடுத்த தடவை தண்ணீரைக் குறைத்தேன். மேலே அரிசி நறுக்கென்று நின்றது, அடி தீய்ந்தது, கறியோ ரப்பர். பாக்கெட் பிரியாணி மசாலாதான் போட்டேன். ஆம்பூர் வாசனையே இல்லை. அரை கிலோ கணக்கில் சொல்லுங்களேன்.

ம., காட்பாடி

அன்புள்ள ம.,

இரண்டு தடவையும் தண்ணீரைத்தான் கூட்டிக் குறைத்திருக்கிறீர்கள். ஆம்பூர் முறையில் அரிசிக்குத் தண்ணீர் அளவே கிடையாது. கறி ஒரு பாத்திரத்தில் முழுசாக வேக வேண்டும். அரிசி இன்னொன்றில் நிறையத் தண்ணீரில் முக்கால் பதம் வெந்து வடிபட வேண்டும். அப்புறம்தான் இரண்டும் சேரும். ஒரே குக்கரில் போட்டால் கறி வேகும் நேரத்துக்குள் சீரக சம்பா கூழாகிவிடும். அரிசியைப் பார்த்து இறக்கினால் கறி இழுக்கும்.

பாக்கெட்டை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அதில் மல்லியும் சோம்பும் இருக்கும், குருமா வாசனைதான் வரும். ஆம்பூர் நிறமும் மணமும் காஞ்ச மிளகாய் விழுதால் வருவது. பத்து நீட்டு மிளகாயை விதை நீக்கி, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து மையாக அரையுங்கள். விதையோடு அரைத்தால் காரம் ஏறும், நிறம் ஏறாது.

அரை கிலோ ஆட்டுக்கறிக்கு 125 மில்லி எண்ணெய். இரண்டு துண்டு பட்டை, நான்கு கிராம்பு, நான்கு ஏலக்காய் பொரிந்ததும் 250 கிராம் வெங்காயம் பொன்னிறமாகட்டும், கருக விடாதீர்கள். பூண்டு விழுது 40 கிராம் முதலில், அதன் பச்சை வாசனை போனபின் இஞ்சி விழுது 40 கிராம். இஞ்சி சட்டென்று அடிப்பிடிக்கும், கையெடுக்காமல் கிளறுங்கள். மிளகாய் விழுதைப் போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்குவதில்தான் பலருக்குப் பொறுமை போகிறது. இங்கே அவசரப்பட்டால் பச்சை நெடி கடைசியில் மூடிப் புழுக்கும் தம்மிலும் போகாது. பிறகு கறி, உப்பு, 200 கிராம் தக்காளி, புதினா கொத்தமல்லி ஒவ்வொரு கைப்பிடி, 100 மில்லி தயிர், ஒன்றரை டம்ளர் தண்ணீர். மூடி, சிறு தீயில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். குக்கர் என்றால் நான்கு விசில். விரலால் அழுத்தினால் கறி எலும்பை விட்டு விலக வேண்டும், ஏனென்றால் தம்மில் கறி மேற்கொண்டு வேகாது. கடைசியில் எண்ணெய் மிதக்கிற கெட்டிக் குழம்பு ஒன்றரை டம்ளர் நிற்கட்டும். அதிகமிருந்தால் அரிசி போடும் முன்பே சுண்ட விடுங்கள்.

அரை கிலோ சீரக சம்பா, பழைய அரிசியாகக் கேட்டு வாங்குங்கள். புது அரிசி ஒட்டும். கசக்காமல் அலசி இருபது நிமிடம் ஊறினால் போதும், ஒரு மணி நேரம் விட்டால் கொதிநீரிலேயே உடையும். மூன்று லிட்டர் தண்ணீர், வாயில் வைத்தால் உப்பு தூக்கலாகத் தெரிய வேண்டும். அரிசியைப் போட்டு மறுபடி கொதி வந்ததும், மூன்றாம் நிமிடத்திலிருந்தே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்றாக உடைந்து நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உடனே வடியுங்கள். வடித்தட்டில் கிடந்தாலும் தன் சூட்டில் வெந்துகொண்டேதான் இருக்கும். அதனால் அந்த நேரத்தில் குழம்பு பக்கத்து அடுப்பில் கொதித்தபடி தயாராக இருக்கட்டும்.

அரிசியைக் குழம்பில் கொட்டி, அரை எலுமிச்சை பிழிந்து, கரண்டியின் ஓரத்தால் இரண்டே புரட்டு. உங்கள் அடி தீய்ந்து மேல் வேகாததற்குக் காரணம் கீழிருந்து மட்டும் சூடு, மூடியில் ஆவிக்கசிவு. கடைகளில் தேக்சா என்ற பெரிய பாத்திரத்தின் மூடிமேல் தணல் போடுவார்கள். பல கிலோ சோறு தானே சூட்டைப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். அரை கிலோவுக்கு அந்த வசதி இல்லை. நான்கு லிட்டர் கொள்ளும் கனத்த பாத்திரம் போதும், அகலமானதில் சோறு மெல்லியதாகப் பரவிக் காயும். ஈரத்துணி சுற்றி மூடி, நடுத்தீயில் ஐந்து நிமிடம், பிறகு சூடான தோசைக்கல்லின்மேல் சிறுதீயில் பதினைந்து. அணைத்தபின் பத்து நிமிடம் திறக்காதீர்கள். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் செய்வதென்றால் உங்கள் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இருக்கிறதே (2023-இல் புவிசார் குறியீடு பெற்றது). வறுத்தரைத்த எள், வேர்க்கடலை, நெல்லிக்காயளவு புளி. கொழுப்புக்குப் புளிப்புதான் சரியான துணை. எள்ளைக் கருக வறுத்தால் மட்டும் கசக்கும்.

பிரியாணியில் இறங்கும் முன், கறி வாங்காமல் நூறு கிராம் அரிசியை மட்டும் கொதிக்கவைத்து, நிமிடத்துக்கு ஒரு கரண்டி வெளியே எடுத்துத் தட்டில் வரிசையாக வையுங்கள். எது முக்கால் பதம் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதே மூட்டை அரிசி தீரும்வரை அது பெரிதாக மாறாது.

அன்புடன்.