அலையாத்திக் காடு பக்கத்தில் இருந்தால் புயலுக்குப் பயமில்லையா?

"முத்துப்பேட்டைப் பக்கம் மனை பார்க்கிறோம். அலையாத்திக் காடு அரணாக நிற்கிறது, புயல் ஊருக்குள் வராது என்கிறார் தரகர். நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தரகர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் எங்கள் வீட்டுக் கூரை போயிற்று.

நீங்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்து சேமித்த பணத்தில் வீடு கட்ட நினைப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கேயே இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

2018 நவம்பர் 15 அன்று பகல் முழுவதும் கஜா புயல் வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போனார்கள். நாங்கள் முகாமுக்குப் போகவில்லை. "77 புயலையே பார்த்தாயிற்று, இது என்ன செய்துவிடும்" என்றார் சித்தப்பா. எங்களுடையது ஓட்டு வீடு. நள்ளிரவுக்கு மேல் வடக்கிலிருந்து காற்று பிடித்தது. ஓடுகள் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல் பறந்தன. கொல்லையில் தென்னைகள் முறிகிற சத்தத்தை எண்ணத் தொடங்கி, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

பிறகு சட்டென்று எல்லாம் நின்றது. ஒரு கீற்றுகூட அசையவில்லை. மாட்டை அவிழ்த்துவிடச் சித்தப்பா இறங்கிப் போனார். "தம்பி, இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்று அம்மா கத்தியது அவர் காதில் விழவில்லை. அவர் முற்றம் தாண்டுவதற்குள் தெற்கிலிருந்து அடித்தது பாருங்கள், அதற்கு முன் அடித்ததெல்லாம் காற்றே இல்லை. புயலின் கண், அதாவது நடுவில் காற்று ஓய்ந்திருக்கும் பகுதி, எங்கள் தலைக்கு மேல் கடந்திருக்கிறது. அது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. விடியும்வரை சித்தப்பா கிணற்றுச் சுவரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பறந்து வந்த தகரம் கிழித்த கையில் பதினொரு தையல்.

அந்தத் தெற்குக் காற்றோடுதான் காயல் தண்ணீரும் வந்தது. ஆனால் அலையாக வரவில்லை. சேறும் முறிந்த அலையாத்திக் கிளைகளும் கலந்து, மெல்ல மெல்ல முழங்கால்வரை ஏறிற்று. காடு இல்லாதிருந்தால் அது எப்படி வந்திருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

நான் காட்டுக்கு எதிரி என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 2004 சுனாமியில் பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பித்ததையும், அதற்குக் காரணம் காடா, கடலிலிருந்து இருந்த தூரமும் மேடும்தானா என்று ஆய்வாளர்கள் வாதாடியதையும் நானும் படித்திருக்கிறேன். என் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். வேர்களும் அடிமரங்களும் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும். மரத்துக்கு மேலே போகிற காற்றை அவை என்ன செய்ய முடியும்? கஜாவுக்குப் பிறகு காடே இலையுதிர்ந்து, தீப்பிடித்ததுபோலக் கருகி நின்றது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விழுந்த தென்னைக்கு, வெட்டி அகற்றும் கூலியையும் சேர்த்து, மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். எங்களுக்கு விழுந்தவை 43. கணக்கெடுக்க வந்தவர் எழுதிக்கொண்டது 31. மீதி எங்கே என்றால், வழியை அடைத்த மரங்களை நாங்களே அறுத்து ஓரம் தள்ளிவிட்டோமாம், அதனால் கணக்கில் வராதாம். வாசலில் கிடக்கிற மரத்தைத் தாண்டித் தாண்டி அவருக்காக மூன்று வாரம் காத்திருக்க வேண்டுமா? பத்து வயதில் என் கையால் தண்ணீர் ஊற்றிய மரங்கள் அவை. ஆண்டுகள் ஆகியும் இது ஆறவில்லை.

சரி, உங்கள் மனைக்கு வருகிறேன். புயல் எப்போதோ ஒருமுறை வரும். இங்கே தினம் தினம் வருவது உப்பு. கோரையாறும் பாமணியாறும் கடலில் சேர்கிற கடைமடை இது. மேலிருந்து நல்ல தண்ணீர் வருவது குறைந்தால் கடல் ஆற்றுக்குள் ஏறும். புயல் தண்ணீர் புகுந்த எங்கள் கிணற்றை மூன்று முறை இறைத்தும் குடிக்க உதவவில்லை. இறால் குட்டையின் உப்புத் தண்ணீரும் நிலத்தடி நீரில் இறங்கும்; பக்கத்தில் இறால் பண்ணை இருக்கிறதா என்று தரகரைக் கேட்காதீர்கள், நீங்களே நடந்து பாருங்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் கடலோரத்து இறால் குட்டைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதும், 2005-இல் அவற்றைப் பதிவு செய்து நடத்துவதற்கே ஒரு சட்டம் வந்ததும் தனிக் கதை.

எப்படியும் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், தளத்தைத் தெருவைவிட மூன்றடியாவது உயர்த்துங்கள், காங்கிரீட் கூரை போடுங்கள், கம்பியில் உப்பு ஏறாதபடி கலவைக்கு நல்ல தண்ணீர் பயன்படுத்துங்கள். வாங்குவதற்கு முன் மனையை இரண்டு முறை பாருங்கள். தரகர் தை மாதத்தில்தான் கூட்டிப் போவார். எல்லாம் பச்சையாக இருக்கும், கிணற்று நீரும் இனிக்கும். ஐப்பசி மழையில் ஒருமுறை போய்த் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பாருங்கள். சித்திரையில் மறுபடி போய், பக்கத்து வீட்டில் ஒரு சொம்புக் கிணற்றுத் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பாருங்கள்.