கேள்வி–பதில்: கேசட்டில் பிறந்த திகில்

கேள்வி: கார், உடற்பயிற்சி வீடியோக்களில் மணியடிப்பது போன்ற ஒலியும் கரகரத்த குரலும் கொண்ட ஓர் இசை அடிக்கடி வருகிறது. அது பழைய அமெரிக்கத் திகில் ராப் குழு ஒன்றிலிருந்து வந்தது என்கிறான் என் மகன். உண்மையா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பெரும்பாலும் உண்மை. அந்த இசைக்கு ஃபோங்க் என்று பெயர். டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் 1990-களில் கேசட்டுகளாக வெளிவந்த ராப் பாடல்களிலிருந்து குரல்களை வெட்டியெடுத்து, 2010-களில் இளைஞர்கள் உருவாக்கிய வகை அது. கார் வீடியோக்களில் ஒலிக்கும் அதன் வேகமான வடிவம் ரஷ்யாவிலிருந்து பரவியது. நீங்கள் குறிப்பிடும் மணியொலி, ரோலண்ட் 808 என்னும் ட்ரம் மெஷினின் கௌபெல் ஒலியிலிருந்து வந்தது. அந்த மெம்ஃபிஸ் கேசட்டுகள் எல்லாம் ஒரே குழுவினுடையவை அல்ல. டிஜே ஸ்பானிஷ் ஃப்ளை, டிஜே ஸ்க்வீக்கி போன்ற பலருக்கும் அவற்றில் பங்குண்டு. ஆனால், திகிலையே தம் அடையாளமாக்கிக்கொண்டு நெடுந்தூரம் சென்றவர்கள் த்ரீ சிக்ஸ் மாஃபியா குழுவினர்தாம்.

கேள்வி: அவர்களுடைய பெயரே சாத்தானின் எண்ணைக் குறிக்கிறதே! அவர்கள் சாத்தானை வழிபட்டவர்களா?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: பெயரில் இருப்பது, விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷம் கூறும் 666 என்ற எண்தான். சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட் என்னும் மாபெரும் கறுப்பினத் திருச்சபையின் தலைமையகம் இருக்கும் மெம்ஃபிஸில், அப்படி ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்பதை அந்த இளைஞர்கள் அறியாமலா இருந்திருப்பார்கள்? வழிபாட்டைவிடத் திகில் திரைப்பட மோகமே அவர்களிடம் மிகுதியாக இருந்தது என்பது பாடல்களைக் கேட்டாலே விளங்கும்.

1991-ஆம் ஆண்டளவில் டிஜே பால், அவருடைய சகோதரர் லார்ட் இன்ஃபமஸ், ஜூசி ஜே ஆகிய மூவரும் சேர்ந்து இக்குழுவைத் தொடங்கினார்கள். பின்னர் கூப்ஸ்டா நிக்கா, க்ரஞ்சி பிளாக், பதின்ம வயதுப் பெண்ணான கேங்ஸ்டா பூ ஆகியோர் இணைந்தனர். நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இருந்த பெரிய நிறுவனங்கள் தென் மாநிலங்களின் ராப்பை ஏறெடுத்தும் பார்க்காத காலம் அது. எனவே அவர்கள் எளிய கருவிகளைக் கொண்டு தாமே பதிவுசெய்து, தாமே கேசட்டுகளில் நகலெடுத்து, கார் ஸ்டீரியோ கடைகள் வழியாக விற்றார்கள்.

அவர்களுடைய திகில், என் பார்வையில், பெயரைவிட இந்தச் செய்முறையில்தான் இருக்கிறது. திகில் படங்களின் பின்னணி இசையை நினைவூட்டும் இரண்டு மூன்று கீபோர்டு சுரங்கள் பாடல் முழுவதும் திரும்பத் திரும்ப வரும். அவற்றின் அடியில் 808-இன் கனத்த பேஸ் முழங்கும். ஒரே வரியை வெட்டி ஒட்டி, மந்திரம் ஓதுவதுபோல் மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டு அதையே பல்லவியாக்கிவிடுவார்கள். நகலின் நகலாகக் கேசட் கைமாறக் கைமாற, அதில் ஏறிய இரைச்சல் எந்த ஸ்டுடியோவிலும் விலைக்கு வாங்க முடியாத ஓர் அமானுஷ்யத்தைச் சேர்த்தது. இவற்றின்மேல், ஒரு தாளத் தட்டுக்கு மூன்று அசைகள் வீதம் தாழ்ந்த குரலில் உருட்டிச் செல்லும் லார்ட் இன்ஃபமஸின் பாணி அமைந்தது. பிற்காலத்தில் மீகோஸ் குழுவால் உலகெங்கும் பரவிய மும்மை நடைக்கு முன்னோடிகளுள் அவரும் ஒருவர். உள்ளூர் விநியோக நிறுவனமான செலக்ட்-ஓ-ஹிட்ஸ் வழியாக 1995-இல் வெளிவந்த ‘மிஸ்டிக் ஸ்டைல்ஸ்’ என்ற முதல் ஆல்பத்தில் இவை அத்தனையும் ஒருங்கே கூடியிருக்கின்றன.

கேள்வி: போன் தக்ஸ்-என்-ஹார்மனி குழுவுக்கும் இவர்களுக்கும் என்ன பகை?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: கிளீவ்லாந்தைச் சேர்ந்த அக்குழுவும் இருண்ட பொருளை வேகமான நடையில் பாடியது, 1994-இல் அது புகழ்பெற்றபோது தங்கள் பாணி களவாடப்பட்டதாக மெம்ஃபிஸ்காரர்கள் கருதினார்கள். இரு தரப்பும் பின்னர் சமாதானமாயின. ஆயினும் 2021 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் இரு குழுக்களும் ஒரே மேடையில் தோன்றி, தத்தம் பாடல்களால் போட்டியிட்ட வெர்சுஸ் என்னும் இசை நிகழ்ச்சியில் கைகலப்பு மூண்டு, பிறகு நிகழ்ச்சி தொடர்ந்தது.

கேள்வி: கேசட் விற்றவர்களுக்கு ஆஸ்கர் கிடைத்தது எப்படி?
(வாசகர், திருச்சி)

பதில்: படிப்படியாகத்தான். 1997-இல் வந்த ‘சாப்டர் 2: வேர்ல்ட் டாமினேஷன்’ ஆல்பம் விற்பனைக்கான கோல்ட் சான்றிதழையும், 2000-இல் வந்த ‘வென் த ஸ்மோக் கிளியர்ஸ்’ பிளாட்டினம் சான்றிதழையும் பெற்றன. 2005-இல், மெம்ஃபிஸிலேயே கதை நடக்கும் ‘ஹஸில் அண்ட் ஃப்ளோ’ திரைப்படத்துக்காக ஜூசி ஜே, டிஜே பால், ஃப்ரேசர் பாய் ஆகியோர் எழுதிய பாடல், 2006 மார்ச் 5 அன்று சிறந்த பாடலுக்கான ஆஸ்கரை வென்றது. எமினெம் முன்பே ஒரு ராப் பாடலுக்காக அவ்விருதைப் பெற்றிருந்தாலும், ராப் குழு ஒன்று அதை வென்றது அதுவே முதல்முறை. போட்டியில் புகழ்பெற்ற கன்ட்ரி இசைப் பாடகி டாலி பார்ட்டனின் பாடலும் இருந்தது. புகழ்பெற்ற இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸிக்கு அதுவரை ஓர் ஆஸ்கர்கூடக் கிடைத்திராததை, இவர்களோடு ஒப்பிட்டு அன்றைய தொகுப்பாளர் ஜான் ஸ்டீவர்ட் கிண்டல் செய்தார்.

விருது பெற்ற பாடலில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பிழைப்புக்குத் திண்டாடும் ஒருவனின் புலம்பலே அது. பெரிய ஸ்டுடியோக்களின் துல்லியம் கைவந்ததும் பழைய திகில் மெல்லக் கரைந்துவிட்டது என்பதே என் கணிப்பு. 2008-இல் வந்த ‘லாஸ்ட் 2 வாக்’ ஆல்பத்தின்போது எஞ்சியிருந்தவர்கள் டிஜே பாலும் ஜூசி ஜேயும் மட்டுமே.

கேள்வி: இப்போது அவர்கள் என்ன செய்கிறார்கள்? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?
(வாசகி, சென்னை)

பதில்: ஜூசி ஜே தனிப்பாடகராகவும் வெற்றி பெற்றார். டிஜே பால் 2013-இல் பழைய உறுப்பினர்களைத் திரட்டி ‘டா மாஃபியா சிக்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார். அவ்வாண்டு டிசம்பரிலேயே லார்ட் இன்ஃபமஸ் காலமானார். 2015-இல் கூப்ஸ்டா நிக்காவும், 2023 புத்தாண்டு நாளன்று கேங்ஸ்டா பூவும் மறைந்தனர்.

‘மிஸ்டிக் ஸ்டைல்ஸ்’ ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். ஆனால் கொலை, போதை, பெண்களை இழிவுபடுத்தும் சொற்கள் ஆகியவை அதில் தாராளமாக உண்டு; அவற்றைத் திகில் படத்தின் கற்பனை என்று முழுவதுமாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆகவே, கூடத்தில் உள்ள ஸ்பீக்கரில் ஒலிக்கவிட வேண்டாம், ஹெட்ஃபோனில் கேளுங்கள்.