சத்துவாச்சாரி வண்டியா, சித்தூர் வண்டியா?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை கிடைத்திருப்பதால், காட்பாடியிலிருந்து திருவலம் வழியாகத் தினமும் போய்வர ஒரு பழைய பைக் தேடுகிறேன். ஓட்டுநர் உரிமம் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. சத்துவாச்சாரியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது 2016-ஆம் ஆண்டு ஸ்பிளெண்டரை விற்கிறார். 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பழைய வண்டிகள் விற்கும் கன்சல்டிங் கடை ஒன்றில், 21,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் சித்தூர் பதிவெண் கொண்ட 2017-ஆம் ஆண்டு 150 சிசி வண்டி இருக்கிறது. இரண்டுமே ஏறத்தாழ 40,000 ரூபாய். நண்பர்கள் 150 சிசியை எடுக்கச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?
- வாசகர், காட்பாடி

பதில்: ஆசிரியரின் வண்டியை முதலில் பாருங்கள். புதிதாக ஓட்டுபவருக்குச் சுமார் 110 கிலோ எடையுள்ள வண்டி நெரிசலில் கைக்கு அடங்கும். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் ஏபிஎஸ் (திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் அமைப்பு) கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான் என்பதால், அந்த 2017-ஆம் ஆண்டு வண்டியில் அது பெரும்பாலும் இருக்காது. வேகம் கூடுதல், பிரேக்கில் துணை இல்லை என்பது பழகாத கைக்கு ஏற்றதல்ல.

46,000 என்ற எண்ணைக் கண்டு தயங்க வேண்டாம். 21,000 என்று மீட்டர் காட்டும் வண்டியில் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் ஒரு பக்கமாக வளைந்திருந்தால், அந்த மீட்டரை நம்பாமல் இருப்பதே நல்லது.

எந்த வண்டியானாலும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். "நானே ஸ்டார்ட் செய்கிறேன், நீங்கள் தொட வேண்டாம்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். (நான் என் முதல் வண்டியை மாலையில், ஏற்கெனவே ஓடிச் சூடான நிலையில் பார்த்து வாங்கி, மறுநாள் காலை தெருமுனை மெக்கானிக் வரை தள்ளிக்கொண்டு போனவன்.) ஸ்டார்ட் ஆனவுடன் சிறிது நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம்; ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் போய், வண்டி ஆயில் குடிக்கிறது என்று பொருள், அதற்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும். பிறகு நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லி, ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் தடுக்கினால் ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டை மாற்ற வேண்டும். இது பெரிய செலவில்லை, விலை பேச உதவும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததால், சீட்டுக்கு அடியிலும் ஹெட்லைட்டுக்குள்ளும் வண்டல் படிந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆர்சியில் (பதிவுச் சான்றில்) உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கடனில் வாங்கிய வண்டியென்றால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். சித்தூர் வண்டியில் சுமை இன்னும் கூடும்: ஆந்திர அலுவலகத்தில் படிவம் 28-இல் என்ஓசி (தடையில்லாச் சான்று) பெற்று, இங்கே வரி கட்டி, தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்க வேண்டும், வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இது சட்டப்படி கட்டாயம். "பேப்பரெல்லாம் ரெடி" என்று கடைக்காரர் நீட்டுவது, முகம் தெரியாத ஓனர் கையெழுத்திட்ட வெற்றுப் பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 மட்டுமாக இருந்தால், அந்த ஓனரை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ்கூடத் தர வேண்டாம். ஆசிரியரோடு ஆர்டிஓ அலுவலகத்துக்குச் சேர்ந்தே போகலாம் என்பதே அவர் வண்டியின் பெரிய வசதி. பெயர் மாற்றத்துக்கு 30 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக ஆசிரியர் சேர்த்து வைத்த பிரீமியம் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) அவருக்கே உரியது, உங்களுக்கு வராது.

கையிலுள்ள 40,000 ரூபாய் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 3516 என்றிருந்தால் அது 2016-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. பூ தேயாமல் இருந்தாலும் அந்த ரப்பர் கெட்டித்துப்போயிருக்கும். அப்படியானால் இரண்டு டயரையும் மாற்றிவிட்டுத்தான் ராணிப்பேட்டைக்குப் புறப்பட வேண்டும்.