ஜேட் (JADE) என்ற ஜாவா கட்டமைப்பில் 20 ஏஜென்ட் (தானாக முடிவெடுத்து இயங்கும் நிரல்) ஒழுங்காக ஓடுகிறது, 2,000 ஆக்கினால் திணறுகிறது. என்ன மாற்ற வேண்டும்?

முதலில், அந்த 2,000-மும் ஏஜென்டாக இருக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஜேடில் ஒவ்வோர் ஏஜென்டும் தனி ஜாவா திரெட், அதாவது தனியாக ஓடும் செயல் இழை. ஓர் எல்லைக்கு மேல் இயங்குதளம் புது திரெட் தர மறுக்கும். அது நினைவகப் பற்றாக்குறைப் பிழையாகவே வருவதால் பலர் ஹீப்பை (ஜாவா பொருள்களுக்கான நினைவகத்தை) கூட்டுகிறார்கள். அப்போது ஒவ்வொரு திரெடுக்கும் தனியாக வேண்டிய ஸ்டாக் நினைவகத்துக்கு மிஞ்சும் இடம் இன்னும் சுருங்கும். தானாக முடிவெடுக்கும் பொருளுக்கு மட்டும் ஏஜென்ட் வையுங்கள். கிடங்கு என்றால் ரோபோ ஏஜென்ட் ஆகலாம். ஒவ்வோர் ஆர்டரும் ஆக வேண்டாம், மேலாளர் ஏஜென்டுக்குள் ஒரு பிஹேவியராக (ஏஜென்ட் செய்யும் ஒரு வேலையாக) இருந்தால் போதும்.

பெரும்பாலான திணறல் பிஹேவியருக்குள்தான் இருக்கும். ஓர் ஏஜென்டின் எல்லா பிஹேவியர்களுக்கும் ஒரே திரெட். ஒரு பிஹேவியரின் வேலை எழுதப்பட்ட ஆக்ஷன் மெத்தட் முடிந்தால்தான் அடுத்ததற்கு முறை வரும். உள்ளே 3 விநாடி எடுக்கும் டேட்டாபேஸ் அழைப்பு இருந்தால், வந்த செய்திகள் எல்லாம் 3 விநாடி காத்துக்கிடக்கும். அப்படிப்பட்ட வேலையை, பிஹேவியரைத் தனி திரெடில் ஓட்டும் திரெடட் பிஹேவியர் ஃபேக்டரியிடம் கொடுங்கள். பிளாக் அழைப்பு அந்த வரியிலேயே நிற்காது, மெத்தட் முடிந்த பிறகுதான் பிஹேவியரை ஒதுக்கிவைக்கும். செய்தி இல்லாதபோது அதை அழைக்க மறந்தால் சிபியு 100 சதவீதத்தில் சுற்றும். பிளாக்கிங் ரிசீவ் வேறு. அது செய்தி வரும்வரை ஏஜென்டையே நிறுத்திவிடும்.

செய்தி வாங்கும்போது, எந்தச் செய்தி வேண்டும் என்று வடிகட்டும் டெம்ப்ளேட் கட்டாயம். உரையாடல் அடையாள எண்ணை வைத்து வடிகட்டாவிட்டால், ஒரு பிஹேவியருக்கு வந்த பதிலை இன்னொன்று எடுத்துக்கொண்டு போய்விடும். 20 ஏஜென்டில் இது கண்ணில் படுவது அபூர்வம்.

அடுத்து டிஎஃப் என்கிற சேவைப் பட்டியல். 150 விற்பனை ஏஜென்ட் பதிந்திருந்தாலும், தேடலுக்கு இயல்பாக 100 முடிவுகள்தான் வரும், எந்தப் பிழையும் காட்டாமல். டிஎஃப்-இன் அதிகபட்ச முடிவு அமைப்பை உயர்த்துங்கள். இறந்த ஏஜென்டின் பெயரை, ஏஜென்ட்களை நிர்வகிக்கும் ஏஎம்எஸ் தானே நீக்கும், டிஎஃப் இயல்பாக நீக்காது. ஏஜென்ட் முடியும்போது ஓடும் டேக்டவுன் மெத்தடில் நீங்களே பதிவை ரத்து செய்ய வேண்டும். விநாடிக்கொரு முறை எல்லோரும் தேடினால் விநாடிக்கு 2,000 கோரிக்கைகள் ஒற்றை ஏஜென்டின் தலையில் விழும். மாற்றம் வந்தால் டிஎஃப் தானே தெரிவிக்கும் சந்தா முறைக்கு மாறுங்கள்.

பல கணினிகளில் பிரிப்பதானால், மெயின் கன்டெய்னரில் (கன்டெய்னர் என்பது ஏஜென்ட்கள் ஓடும் ஜேட் செயல்முறை, மெயின் அவற்றில் முதன்மையானது) ஏஎம்எஸ், டிஎஃப் தவிர வேறெதுவும் வேண்டாம். அதன் 1099 போர்ட்டை மட்டும் திறந்தால் போதாது. மெயின் திரும்ப மற்ற கன்டெய்னர்களை அழைக்கும், எனவே இரு திசையிலும் வழி வேண்டும். கணினியின் பெயர் 127.0.0.1-க்குப் போனால் கன்டெய்னர் அந்த முகவரியையே சொல்லிப் பதிந்துகொள்ளும், செய்தி போய்ச் சேராது. தொடங்கும்போதே லோக்கல் ஹோஸ்டாக உண்மையான ஐபியைக் கொடுங்கள். மெயின் விழுந்தால் எல்லாம் விழும் என்பதால், மெயின் ரெப்ளிகேஷன் சேவையோடு ஒரு பேக்கப் மெயினும் ஓடட்டும்.

வேகத்தை அளக்கும்போது, ஏஜென்ட்களிடையே போகும் செய்திகளைக் காட்டும் ஸ்னிஃபர் கருவியை மூடிவிடுங்கள். கவனிக்கும் ஒவ்வொரு செய்திக்கும் அது கூடுதல் செய்தி அனுப்பவைப்பதால், அளவீடு பொய்யாகிவிடும்.