வாடகை வீட்டுக்கு அரசாங்கம் காசு போடாதா?

கேள்வி: கிராண்ட்பாஸ்ல ஒரே ரூம்ல நாலு பேர் வாடகைக்கு இருக்கோம். வீட்டுக்காரர் மாசக் கடைசியில போகச் சொல்றார், வேற இடத்துல ஒரு வருஷ அட்வான்ஸ் கேக்குறாங்க. குறைஞ்ச வாடகைக்கு அரசாங்க வீடு கிடைக்குமா?
- வாசகி, கொழும்பு 14

பதில்: தங்கச்சி, மொதல்ல பயப்படாதீங்க, கோர்ட் ஆர்டர் இல்லாம பூட்டை மாத்தி சாமானை ரோட்டுல போட அவருக்கு ஏலாது, வாடகை குடுத்த துண்டு, லைட் பில், கிராம சேவகர்ட கடிதம் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டுக்கிட்டு நாளைக்கே புதுக்கடை சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்க, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு அங்க காசு இல்லாம உதவி செய்வாங்க.

அரசாங்க வீடு லேசில கிடைக்காது. 2001ல வனாத்தமுல்லையில வந்த சகஸ்புர மாடி வீடும் சரி, பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை கட்டினதும் சரி, முக்கியமா கொழும்புத் தோட்டங்கள்ல, அதாவது நெருக்கமான குடிசைப் பகுதிகள்ல, இருந்து எழுப்பின குடும்பங்களுக்குத்தான், அதுவும் சொந்தமாக்கிக் குடுக்குற கணக்கு. அட்வான்ஸ் குடுக்க வழியில்லாம நாளைக்கு பஸ் ஸ்டாண்ட்ல படுக்கப் போற குடும்பத்துக்கு வேண்டியது சொந்த வீடு இல்ல, கட்டக்கூடிய வாடகையில ஒரு கதவு. அரசாங்கமே கட்டி, தன்ட கையிலயே வெச்சுக்கிட்டு வருமானத்துக்கு ஏத்த வாடகைக்கு விடணும், அதுக்கு பட்ஜெட்ல தனியா காசு ஒதுக்கத்தான் வேணும்.