பேட்டரி செத்த லேப்டாப்பில் கரண்ட் போனால்

பேட்டரி செத்து சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப் கரண்ட் போனதும் ஒரு 'டக்' சத்தத்தோடு அணைந்தது, இப்போது வேர்ட் ஃபைல் திறக்கவில்லை என்கிறீர்கள். பதறாதீர்கள், டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நீங்கள் சேவ் கொடுத்தாலும் கொஞ்ச நேரம் அது ரேமில் (கரண்ட் போனால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகம்) தங்கித்தான் டிஸ்க்குக்குப் போகும், அந்த இடைவெளியில் மின்சாரம் நின்றால் ஃபைலின் பெயர் மட்டும் இருந்து உள்ளே எழுத்து இல்லாமல் போகலாம், அளவு 0 கேபி என்றுகூடக் காட்டலாம். விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறையான என்டிஎஃப்எஸ், தன் ஜர்னலை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) வைத்து ஃபோல்டர் அமைப்பைச் சரிசெய்துகொள்ளும், நீங்கள் தட்டிய எழுத்தை அது மீட்டுத் தராது.

முதலில் வேர்டில் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமெண்ட் போய் சேவ் ஆகாத பிரதி இருக்கிறதா பாருங்கள். அப்புறம் மற்ற முக்கியமான ஃபைல்களை வெளியே காப்பி எடுத்துவிட்டு, சி டிரைவின் ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸில் செக் கொடுங்கள். அணைந்தபோது கேட்ட அந்த ஒற்றை 'டக்', ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் (தகவலைப் படித்து எழுதும் முனை) அவசரமாக ஒதுங்கிய சத்தம்தான். ஆனால் ஓடும்போதும் டக் டக் என்று தொடர்ந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பேட்டரியையும் சீக்கிரம் மாற்றுங்கள்.