ஊரடங்கில் குழந்தைகளின் காயங்கள்: எலும்பு டாக்டரிடம் கேள்வி பதில்

கேள்வி: ஊரடங்கில் பிள்ளைகளுக்குக் கை கால் முறிவது கூடியதா, குறைந்ததா டாக்டர்?

குறைந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் கணக்கைச் சொல்கிறேன். 2020 மார்ச் நடுவிலிருந்து ஒரு மாதம், நாளுக்குச் சராசரி 9.6 முறிவுகள். முந்தைய ஆண்டுகளில் இதே நாட்களில் 22.5. பள்ளியும் மைதானமும் ஒன்றாக மூடினால் வேறென்ன ஆகும்? வந்தவர்களின் வயதும் இறங்கியது. பந்தாடும் பதின்வயதினர் காணாமல் போய், கட்டிலில் குதிக்கும் வாண்டுகள் மிஞ்சினார்கள்.

கேள்வி: அதே ஆய்வில் வீட்டில் நடந்த முறிவுகள் 32.5 சதவீதத்திலிருந்து 57.8 ஆனதே! வீடு இரண்டு மடங்கு ஆபத்தாகிவிட்டதா?

இதற்குத்தான் காத்திருந்தேன். பென்சிலை எடுங்கள். 22.5இல் 32.5 சதவீதம் என்றால் 7.3. 9.6இல் 57.8 சதவீதம் என்றால் 5.5. வீட்டு முறிவும் குறைந்துதான் இருக்கிறது. மற்ற இடங்கள் காலியானதால் வீடு பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சைக்கிளும் அப்படியே. 8.2 சதவீதம் 18.3 ஆனது என்று பயமுறுத்துவார்கள். எண்ணிப் பார்த்தால் முன்பும் பின்பும் நாளுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

கேள்வி: குழந்தைக்குச் சுடுநீர் பட்டால் என்ன தடவலாம்?

எதுவும் தடவாதீர்கள். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம், அப்புறம் மருத்துவர். ஆவி பிடிக்கிறோம் என்று கொதிநீர்ப் பாத்திரத்தைப் பிள்ளை முன் வைக்கவே வைக்காதீர்கள். 2020இல் பிரிட்டனின் பர்மிங்ஹாம் குழந்தைகள் தீக்காயப் பிரிவில் இந்த வகைக் காயம் 30 மடங்கு கூடியது.

கேள்வி (சதவீதம் கேட்டவரே): விடமாட்டேன் டாக்டர். தொற்றுக்குப் பயந்து ஜனங்கள் மருத்துவமனைக்கே வரவில்லை. உங்கள் 5.5 பொய்க்கணக்கு.

பாதி ஒப்புக்கொள்கிறேன். மணிக்கட்டு எலும்பு முழுதாக முறியாமல் லேசாக நசுங்கினால் துணியைச் சுற்றி வீட்டிலேயே வைத்திருப்பார்கள். ஆனால் முழங்கை கோணிப்போய் அலறும் பிள்ளையை எந்தத் தாய் மறைத்து வைப்பாள்? இன்னொன்று, இது முறிவுக் கணக்கு மட்டும். விழுங்கியது, சுட்டுக்கொண்டது இதில் கிடையாது. வீட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டுமானால் அந்தப் பக்கம் போங்கள். காசு போன்ற பட்டன் பேட்டரியைப் பிள்ளை விழுங்காமலிருக்க, ரிமோட்டின் பேட்டரி மூடியைத் திருகாணி போட்டு இறுக்குங்கள்.

கேள்வி: மகளுக்கு மணிக்கட்டில் எலும்பு நசுங்கியிருக்கிறது. மாவுக்கட்டு வேண்டாம், வெறும் பேண்டேஜ் போதும் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. நசுங்கல் மட்டும்தான் என்றால் அது போதும். பிரிட்டனில் 965 பிள்ளைகளை வைத்துச் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். மூன்றாம் நாள் வலியில் பேண்டேஜுக்கும் கெட்டியான கட்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு இழுக்க வேண்டாம் என்று ஊரடங்கிலேயே பல இடங்களில் கழற்றி மாட்டும் கட்டுக்கு மாறிவிட்டார்கள்.

கேள்வி: மகனுக்கும் அதேதான். மாவுக்கட்டு வேண்டாமா?

மேலே படியுங்கள்.

கேள்வி: கை சுத்திகரிப்புத் திரவம் கண்ணில் தெறித்துவிட்டது.

நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் ஓடுங்கள். கடைவாசலில் அந்தப் பாட்டிலை வைக்கும் உயரம் சின்னப் பிள்ளையின் கண் மட்டம்.

கேள்வி: இதுவும் கட்டு சம்பந்தமானதுதான் டாக்டர்...

மேலே. மேலே. மேலே.

கேள்வி: மூன்று வயதுப் பையன் காசு விழுங்கிவிட்டான். தானாக வந்துவிடும் இல்லையா?

காசுதான் என்று யார் பார்த்தது? எக்ஸ்ரேயில் காசுக்கு விளிம்பு ஒன்று, பட்டன் பேட்டரிக்கு வளையத்துக்குள் வளையம். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி 2 மணி நேரத்தில் திசுவை அரித்துவிடும். ஒரு வயதுக்கு மேல், விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, விழுங்க முடிகிறது என்றால் மருத்துவமனைக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன், 6 தடவைக்கு மேல் வேண்டாம். தேன் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். எனக்குப் பதில் எழுதவும் வேண்டாம், கிளம்புங்கள்.